டூப்ளிகேட் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

கோபத்தோடு எழுத உட்காராதே என்பது, பத்திரிகையில் சேர்ந்த நாளில் செய்தி ஆசிரியர் எனக்குச் சொன்ன முதற்பாடம். இரண்டு வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டேன். தணியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் சுமார் 10 கிலோமீற்றர் போனால் அக்குறணை. மழை பலத்தால் பிங்கா ஓயா பெருகிக் கடைகளுக்குள் புகுந்துவிடும் என்ற செய்தியை நீங்கள் பல தடவை படித்திருப்பீர்கள். அந்த ஊரில் பிரதான வீதியிலிருந்து சரிந்து இறங்கும் ஓர் ஒழுங்கையில் தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று இருக்கிறது. ஒரு பழைய லேத், ஒரு துளையிடும் இயந்திரம், சுவர் நிறையச் சாவிகள். எழுபதைக் கடந்த ஒருவர் அதை நடத்துகிறார். நான் அவரை ‘நானா’ என்றே அழைப்பது வழக்கம். பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களை ஆணி ஆணியாகப் பிரித்து, கிடைக்காத பாகங்களைத் தாமே செய்து, மறுபடியும் வீதியில் ஓடவைப்பது அவருடைய தொழில். ஒரு காலத்தில் பந்தயக்காரர்களும் அவரைத் தேடி வந்ததுண்டு.

அன்று நான் போனபோது கொழும்பிலிருந்து ஒரு கனவான் வந்திருந்தார். நானா பழைய இரும்பு விலைக்கு வாங்கி ஏழு வருடங்களாக உயிர் கொடுத்து வைத்திருந்த பி.எஸ்.ஏ. எம் 20 ஒன்றை விலை பேசுவதற்காக. கனவானின் கையில் ஒரு சிறிய மின்விளக்கு. வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வோர் இடமாக வெளிச்சம் பிடித்து, “இது டூப்ளிகேட். இதுவும் டூப்ளிகேட். நானா, இதுவும் டூப்ளிகேட்தானே?” என்று எண்ணிக்கொண்டே போனார். பதினொன்று வரை எண்ணினார். பிறகு, கேட்ட விலையில் பாதியைச் சொன்னார்.

நானா எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தபடி, “கம்பனியே இல்லாமப் போச்சே சேர். நான் செய்யாட்டி யாரு செய்யிற?” என்று மட்டும் கேட்டார்.

வந்தவர் சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது அந்தச் சிரிப்பில்தான். அந்த மனிதர் கெட்டவர் அல்லர். அவர் சொன்ன சொல் அவருடையதும் அல்ல. பழைய வண்டிகளைச் சேகரிக்கும் நம்மவர்களிடையே, கொழும்பானாலும் சென்னையானாலும் ரொறன்ரோவானாலும், நாணயம்போல் புழங்கும் சொல் அது. ஒரு தொழிலாளியின் கைத்திறனை ஒரே சொல்லில் திருட்டுச் சரக்காக்கிவிடும் அந்தச் சொல்லோடுதான் என் வழக்கு.

முதலில் அந்தப் பதினொன்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

எம் 20 என்பது 496 கனசென்ரிமீற்றர் ஒற்றை உருளை வண்டி. பந்தயக் குதிரை அன்று, பொதி மாடு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைகளுக்காக ஏறத்தாழ 126,000 வண்டிகள் செய்யப்பட்டன. தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் பேராதனைக்குக் கொண்டுவந்தபோது, கண்டி வீதிகளில் ஓலி எழுப்பிய படை வாகனங்களின் குலத்தைச் சேர்ந்தது அது. எட்டுப் பத்து வருடப் போர்ச்சேவைக்காகச் செய்யப்பட்ட பொருள் எண்பது வருடம் ஓடவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அப்படிக் கேட்டுவிட்டு, அதன் உள்ளே எதுவும் மாறியிருக்கக் கூடாது என்றும் சொல்கிறோம்.

கிராங்க் ஊசி தேய்ந்து போயிருந்தது. நானா பழைய லொறி அச்சின் உருக்கில் புதிய ஊசி கடைந்து, வெப்பமேற்றிக் கடினமாக்கி, சாணை பிடித்துப் பொருத்தினார். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடினால் இறுகும். அதே அளவு குறைந்தால் தட்டும். அது ‘டூப்ளிகேட்’ எண் 1.

வால்வு உட்காரும் இடத்தில் கடின உருக்கு வளையம் ஒன்று பதித்திருந்தார். ஏன்? இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. நம் நுரையீரல்களுக்கு அது நல்லது. ஆனால் வால்வுக்கும் வார்ப்பிரும்புக்கும் இடையில் மெத்தைபோல் படிந்திருந்தது அந்த ஈயம்தான். அது போனபின் வளையம் பதிக்காவிட்டால் வால்வு மெல்ல மெல்ல இரும்பைத் தின்றுகொண்டு உள்ளே இறங்கும். பர்மிங்ஹாமில் 1940 இல் இருந்த எந்தப் பொறியியலாளருக்கும் வராத பிரச்சினை, அக்குறணையில் தீர்க்கப்பட்டது. அது எண் 2.

லூக்காஸ் மெக்னீட்டோவின் உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றப்பட்டிருக்கும். அதைக் கட்டிக்காக்க அக்காலத்தில் பூசியது அரக்கு. நம்முடைய வெப்பத்திலும் ஈரத்திலும் வயது ஏற ஏற அரக்கு இளகும். வண்டி சூடேறியதும் தீப்பொறி செத்துவிடும். நானா கம்பியை முழுவதும் அவிழ்த்து, கையால் மறுபடி சுற்றி, இளகாத பிசினால் அடைத்திருந்தார். அது எண் 3. அமல் காபரேட்டரின் உள்ளே ஏறி இறங்கும் துத்தநாகக் கலவைத் தட்டு தேய்ந்து காற்றுக் கசிந்ததால், பித்தளையில் ஒன்று கடைந்து போட்டார். அது எண் 4. எஞ்சியவற்றில் பல வெறும் ஆணிகள். அங்குலத்துக்கு 26 மரை கொண்ட பழைய சைக்கிள் மரை ஆணி இன்று எந்த இரும்புக் கடையில் இருக்கிறது? அவற்றையும் கடைந்துதான் ஆகவேண்டும்.

இதில் எது டூப்ளிகேட்? சொல்லின் நேர்ப்பொருளின்படி, மூலப்பொருள் சந்தையில் கிடைக்கும்போது அதன் பெயரைத் திருடி வரும் போலிதான் டூப்ளிகேட். மூலத்தைச் செய்தவன் கடையைச் சாத்திவிட்டுப் போனபின், அவன் விட்ட வேலையைத் தொடர்பவனுக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

பிரித்தானிய மோட்டார் சைக்கிள் தொழில் செத்த கதை எல்லோரும் அறிந்தது. நோர்ட்டனும் மெச்லெஸும் அடங்கிய குழுமம் 1966 இல் சரிந்தது. வெலோசெற் 1971 இல் மூடியது. பி.எஸ்.ஏ. 1973 இல் இன்னொரு கம்பனிக்குள் கரைந்தது. எஞ்சியவை பெயர்கள், பெயர்களுக்கு விலை உண்டு. பி.எஸ்.ஏ. என்ற பெயரை 2016 இல் இந்தியாவின் மஹிந்திரா குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் வாங்கியது. நோர்ட்டன் என்ற பெயரை 2020 ஏப்ரலில் 1 கோடி 60 இலட்சம் பவுணுக்கு வாங்கியது தமிழ்நாட்டின் டி.வி.எஸ். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: பணம் கொடுத்துப் பெயரை வாங்கிய கம்பனி புதிதாகச் செய்யும் வண்டி ‘ஒரிஜினல்’ நோர்ட்டன், அசல் நோர்ட்டனின் தேய்ந்த உறுப்பைக் கையால் செய்து அதை ஓடவைப்பவன் ‘டூப்ளிகேட்’காரன். அப்படியானால் ‘ஒரிஜினல்’ என்பது பொருளின் குணமா, பத்திரத்தின் குணமா?

இன்னும் பெரிய உதாரணம் நம் மொழி பேசும் மண்ணிலேயே உண்டு. றோயல் என்பீல்ட் புல்லட். இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்தது. 1955 இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்பீல்ட் இந்தியா அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். 1960களின் தொடக்கத்தில் திருவொற்றியூரில் எல்லாவற்றையும் தாமே செய்தார்கள். ரெடிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. பிரிட்டனில் 1970 இல் எல்லாம் முடிந்தது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977 இல் அங்கிருந்து புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது! தாய் இறந்தபின் பிள்ளை பாட்டன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிய கதை. அந்தப் புல்லட்டை இன்று யாராவது டூப்ளிகேட் என்று சொல்வார்களா? சொன்னால் அடிக்க வருவார்கள். கூரையின் அளவில்தான் வித்தியாசம். பெரிய கூரையின் கீழ் செய்தால் பாரம்பரியம். தகரக் கூரையின் கீழ் செய்தால் டூப்ளிகேட்.

பந்தய வண்டிகளின் கதை இன்னும் வேடிக்கையானது. நோர்ட்டனுக்கு அழியாப் புகழ் தந்தது 1950 இல் வந்த ‘ஃபெதர்பெட்’ சட்டகம். அதை வடிவமைத்தவர் நோர்ட்டன் தொழிற்சாலை ஊழியர் அல்லர்; இளவயதிலேயே பள்ளியை விட்டு, தானாகவே தொழில் கற்ற பெல்ஃபாஸ்ட் நகரத்து ரெக்ஸ் மக்கண்ட்லெஸ். பிறகு அதே நோர்ட்டன் சட்டகத்துக்குள் ட்ரையம்ப் இயந்திரத்தைப் பொருத்தி ‘ட்ரைற்றன்’ என்ற கலப்பு வண்டியை ஊர் ஊராகக் கட்டினார்கள் ஆங்கிலேய இளைஞர்கள். எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்யவில்லை. இன்று அது தனிப்பெரும் மரபாக மதிக்கப்படுகிறது. மான்க்ஸ் நோர்ட்டன் என்ற பந்தய வண்டியின் உற்பத்தி 1960களின் தொடக்கத்தில் நின்றுவிட்டது. இங்கிலாந்துச் சிறுபட்டறைகளில் அதன் இயந்திரத்தைப் பழைய வரைபடத்தின்படி முழுக்க முழுக்கப் புதிதாகச் செய்கிறார்கள். பழமை வண்டிப் பந்தயங்களில் அவை ஓடுகின்றன. அவற்றைச் செய்பவர்களை அங்கே டூப்ளிகேட்காரர் என்று அழைப்பதில்லை. கைவினைஞர் என்கிறார்கள்.

நியூசிலாந்தின் பேர்ட் மன்ரோவை உங்களில் பலருக்குத் திரைப்படத்தின் மூலம் தெரிந்திருக்கும். அவர் வைத்திருந்த 1920ஆம் ஆண்டின் ‘இந்தியன்’ அமெரிக்க வண்டி. ஆயினும் கதை ஒன்றுதான். கொட்டகையில் தாமே பிஸ்டன் வார்த்தார். உழவு இயந்திரத்தின் அச்சிலிருந்து இணைப்புத் தண்டுகளைக் கையால் செதுக்கினார். 1967 இல், 68 வயதில், அமெரிக்க உப்புச் சமவெளியில் தம் வகுப்பில் உலக சாதனை செய்தார். 2005 இல் வந்த படத்தைப் பார்த்து உலகமே கைதட்டியது. உழவு இயந்திர அச்சு நியூசிலாந்தில் மேதைமை. லொறி அச்சு அக்குறணையில் டூப்ளிகேட்!

நம் நாட்டுப் பந்தயங்கள் மட்டும் வேறு எப்படி நடந்தன என்று நினைக்கிறீர்கள்? நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தொடங்கியது 1934 இல். சென்னைக்கு அருகே சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஆண்டுதோறும் நடந்த பந்தயங்களுக்கு இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் போனார்கள். மலையேற்றமானாலும் ஓடுதளமானாலும், காலையில் உடைந்ததை மாலைக்குள் ஓடவைக்க உதிரிப்பாகம் பர்மிங்ஹாமிலிருந்து விமானத்தில் வராது. பக்கத்து ஊர் லேத்காரரிடமிருந்துதான் வரும். வென்றவரின் பெயர் கோப்பையில் இருக்கிறது, பத்திரிகையிலும் இருந்தது. எழுதியவர்களில் நானும் ஒருவன். லேத்காரரின் பெயரை நான் ஒரு தடவையும் எழுதவில்லை. இந்தக் கட்டுரையில் என் மேலும் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. இத்தொழிலில் மோசடி நிறையவே இருக்கிறது. இயந்திர இலக்கத்தைச் சுரண்டி வேறு இலக்கம் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று வண்டிகளின் எலும்பைச் சேர்த்து, பளபளக்கச் சாயம் பூசி, ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று வெளிநாட்டவர் தலையில் கட்டி, இந்தியத் துணைக்கண்டத்து வேலைக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தவர்கள் இருந்தார்கள். பதமற்ற இரும்பில் இணைப்புத் தண்டு செய்து அதைப் பந்தயத்துக்கு அனுப்புவது கொலைக்குச் சமம். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றைப் பிடிக்க ‘டூப்ளிகேட்’ என்ற சொல் உதவுவதில்லை. மாறாக, மறைக்கவே உதவுகிறது. நேர்மையாக வேலை செய்தவனுக்கும் பாதி விலை, ஏமாற்றியவனுக்கும் பாதி விலை என்றால், நேர்மைக்கு என்ன ஊக்கம்? “இதை நான் செய்தேன்” என்று ஒப்புக்கொண்ட நானாவுக்கு விலை குறைந்தது. வாயை மூடிக்கொண்டு, பழைய பெட்டி ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லியிருந்தால் முழு விலையும் கிடைத்திருக்கும். பொய்யர்களை உற்பத்தி செய்வது இந்தச் சொல்தான். கோடு கிழிக்கவேண்டிய இடம் வேறு: சொல்லிச் செய்தால் தொழில், மறைத்துச் செய்தால் மோசடி.

சட்டங்களும் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் வார்க்கின்றன. இந்தியாவில் 2021 இல் பழமை வாகனங்களுக்கெனத் தனிப்பதிவு விதிகள் வந்தன. 50 ஆண்டுகள் கடந்திருக்கவேண்டும். மூல வடிவத்தில் இருக்கவேண்டும். பெரிய அளவில் பிரித்துச் சீரமைக்கப்படாமலும் இருக்கவேண்டும் என்பது வரையறை. பதிவுக் கட்டணம் 20,000 ரூபா. 50 வருடம் ஓடிய ஒற்றை உருளை இயந்திரம், பெரிய சீரமைப்பே இல்லாமல்! இதை எழுதியவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது கையில் எண்ணெய் பட்டவராக இருக்கமுடியாது. அதே வேளை, பழமை வாகனங்களின் சர்வதேச சம்மேளனம் 2012 இல் ஏற்ற டியூரின் சாசனம், ஒரு வாகனம் தன் வாழ்நாளில் கண்ட மாற்றங்களையும் அதன் வரலாற்றின் பகுதியாகவே பார்க்கிறது. பிரிட்டனில் 2018 மே முதல், 40 ஆண்டுகள் கடந்த வண்டிகளுக்கு, கணிசமாக மாற்றப்படாதிருந்தால், வருடாந்தப் பரிசோதனை இல்லை. மூலவகைப் பாகம் கிடைக்காத நிலையில் வண்டியைக் காப்பாற்றச் செய்த மாற்றம் ‘கணிசமான மாற்றம்’ ஆகாது என்றும் அங்குள்ள அரசின் வழிகாட்டி சொல்கிறது. வண்டியைப் பெற்றவர்களுக்கே இல்லாத ஆசாரம், அதை வளர்த்தவர்களுக்கு ஏன்?

வளர்த்தவர்கள் நாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு வண்டி தொழிற்சாலையில் கழித்தது சில நாட்கள். இந்தத் தீவில் கழித்தது ஆயுள். அதன் இலக்கத்தகட்டைப் பாருங்கள். ஆங்கில எழுத்து இருந்தால் 1958 க்கு முந்தியது. சிங்கள ஸ்ரீ இருந்தால் பிந்தியது. அந்த ஓர் எழுத்துக்காக அவ்வாண்டில் நடந்த போராட்டமும், பூசிய தாரும், தொடர்ந்த துயரமும் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. புதுப்பிக்கிறேன் என்று தொடங்கி, தகட்டைக் கழற்றி, ஒட்டுப்போட்ட அடையாளங்களை மறைத்து, பர்மிங்ஹாமில் நேற்றுப் பிறந்த குழந்தைபோல் வண்டியை நிறுத்துகிறார்கள். அது வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் துடைத்தெறிவதற்குப் பெயர் ‘ஒரிஜினல்’.

இந்த நாடு ஐந்து வருடங்கள் வாகன இறக்குமதியே இல்லாமல் வாழ்ந்தது. 2020 இல் நிறுத்தியதை 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். டொலர் இல்லாத அந்தக் காலத்தில் பேருந்தும் முச்சக்கர வண்டியும் அம்புலன்ஸும் ஓடியது யாரால்? தேய்ந்ததைக் கடைந்து போட்டவர்களால். எம் 20 இல் பழகிய கை அது. தேவைப்படும்போது அந்தக் கையை ‘பாஸ்’ என்று கூப்பிடுவோம்; தேவை தீர்ந்ததும் டூப்ளிகேட் என்போம்.

இனி நான் கேட்பது என்ன? நான்கு விஷயங்கள்தாம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புத்தகம் வையுங்கள். எந்தப் பாகம், எந்த ஆண்டு, எந்த உலோகத்தில், யார் கையால் செய்யப்பட்டது என்று பெயரோடு எழுதுங்கள். பழமை வண்டிக் கண்காட்சி நடத்துபவர்கள், சிறப்பான சாயத்துக்குக் கொடுக்கும் பரிசோடு, சிறப்பாகச் செய்த ஓர் உறுப்புக்கும் பரிசு கொடுங்கள். மேடைக்கு உரிமையாளரை அல்ல, செய்தவரை அழையுங்கள். விலை பேசும்போது எத்தனை டூப்ளிகேட் என்று எண்ணாமல், ஏறி ஓட்டிப் பாருங்கள். நான்காவது கொஞ்சம் செலவானது. ஒரு பையன் இந்த வேலையைப் பழக மூன்று வருடமாவது நிற்கவேண்டும். அந்த மூன்று வருடச் சம்பளத்தை வயோதிப மெக்கானிக் ஒருவரால் கொடுக்கமுடியாது. இலட்சக்கணக்கில் வண்டி வாங்குபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் கொடுக்கலாம். நானாவின் மகன் கட்டாரில் இருக்கிறார். லேத்தில் நின்ற கடைசிப் பையன் முச்சக்கர வண்டி வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கனவான் போனபிறகு நானா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் காட்டினார். அட்டை எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. நாற்பது வருடங்களில் அவர் பிரித்த ஒவ்வொரு வண்டியின் அளவும் பென்சிலில்: ஊசியின் விட்டம், உருளையின் தேய்வு, வால்வின் இடைவெளி, எந்த லொறியின் அச்சு எந்த ஊசிக்குச் சரிவந்தது, எது மூன்றே மாதத்தில் உடைந்தது. தோற்றவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். பர்மிங்ஹாமின் எந்தக் கைநூலிலும் இது இல்லை, இருக்கவும் முடியாது. வண்டியை வாங்க வந்தவர் பதினொரு டூப்ளிகேட்டைக் கண்டுபிடித்தார். இந்தக் கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வண்டி இன்னும் விற்கப்படவில்லை. கொப்பியைப் பிரதி எடுக்க நானா எனக்கு அனுமதி தந்திருக்கிறார். எடுத்துக்கொண்டிருக்கிறேன், 63 பக்கங்கள் முடிந்துவிட்டன. அளவுகளை நான் பிரதி எடுக்கலாம். கையைப் பிரதி எடுக்க முடியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். கண்டிப் பக்கத்தில் இரும்பில் ஆசையுள்ள பையனோ பெண்ணோ உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். லேத் இன்னும் ஓடுகிறது.